மூணே மூணு கார்டு: கிரீன் டேவுக்காக ஒரு வக்காலத்து

போன மாதம் மச்சினன் குடும்பத்தோடு சென்னையிலிருந்து வந்திருந்தான். செல்லுலார் ஜெயில், ராஸ் தீவு, ஹேவ்லாக் என்று ஒரு வாரம் சுற்றிக் காட்டினேன். (ராஸ் 2018-லிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு, ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு. எங்கள் போர்ட் பிளேரே 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. வாய்தான் இன்னும் பழகவில்லை.) கடைசி நாள் சூரியன் மறைவதைப் பார்க்க சிடியா டாப்பு போய்விட்டுத் திரும்பும்போது வண்டியில் வழக்கம்போல கிரீன் டே போட்டேன். ரெண்டு பாட்டு பொறுத்துக்கொண்டான். மூணாவது பாட்டில் வாயைத் திறந்துவிட்டான்.

"என்ன மச்சான், நாப்பத்தஞ்சு வயசாச்சு, இன்னுமா இந்தக் காட்டுக் கத்தல்? மூணே மூணு கார்டு. அதையும் முப்பது வருஷமா திருப்பித் திருப்பி. இவனுங்க பங்க்னு சொல்லிக்கிட்டு கோடி கோடியா சம்பாதிச்சானுங்க. இதுக்கும் புதுக்கோட்டைக்காரருக்கும் என்ன சம்பந்தம்?"

பின் சீட்டில் தங்கமணி சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. நானும் பதில் சொல்லவில்லை. சிடியா டாப்பு சாலையில் வளைவு ஜாஸ்தி, வாதம் பண்ணினால் வண்டி பாதாக் மரத்தில் போய் நிற்கும் :-) அவன் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆபீஸில் ஆணியும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. எனவே இந்தப் பதிவு.

மச்சினன் சாதாரண ஆள் இல்லை. நாலு வருஷம் முறையாக மிருதங்கம் கற்றுக்கொண்டவன். அதனால் அவன் குற்றச்சாட்டை அப்படியே தள்ளிவிட முடியாது. கவனித்தால் அதில் மூன்று இருக்கின்றன. ஒன்று, இதில் சங்கீதமே இல்லை. ரெண்டு, இவர்கள் கொள்கையை விற்றவர்கள். மூணு, இது நம்முடையது இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்கு முன், பங்க் என்றால் பெட்ரோல் பங்க்தான் நினைவுக்கு வரும் மக்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். எழுபதுகளின் நடுவில் ராக் இசை ரொம்பப் பெரிய மனுஷத்தனம் அடைந்திருந்தது. இருபது நிமிஷ கிதார் ஆலாபனை, மேடை முழுக்கச் சாமான். அதெல்லாம் வேண்டாம், ரெண்டு நிமிஷத்தில் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போ என்று கிளம்பியவர்கள் பங்க் கூட்டம். நியூயார்க்கின் ரமோன்ஸ் 1976-ல் முதல் தட்டு போட்டார்கள். அடுத்த வருஷம் லண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸ். இந்த வேகத்தோடு, குளியலறையில் முணுமுணுக்கிற மாதிரி நல்ல மெட்டையும் சேர்த்தால் அது பாப் பங்க். கோபம் பங்க்குடையது, மெட்டு பாப்புடையது.

கிரீன் டே அதில் என் ஆட்கள். பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் கிதாரும் குரலும். மைக் டர்ன்ட் பேஸ் கிதார். ட்ரே கூல் டிரம்ஸ். மூவருமே 1972-ல் பிறந்தவர்கள். கலிபோர்னியாவில் ஸ்வீட் சில்ட்ரன் என்ற பெயரில் பள்ளிக்கூடப் பையன்களாக ஆரம்பித்து, 1989-ல் பெயரை மாற்றிக்கொண்டு, 1990-ல் ட்ரே கூல் வந்து சேர்ந்ததிலிருந்து இன்றுவரை அதே மூன்று பேர். முப்பத்தைந்து வருஷம்! நம் ஊரில் ஒரு மெல்லிசைக் குழு மூணு வருஷம் உடையாமல் இருந்தால் பெரிய விஷயம்.

எனக்கு இவர்களை அறிமுகம் செய்தது திருச்சியில் பொறியியல் படிக்கும்போது அறைத்தோழனாக வாய்த்த மிசோரம் பையன். 1998. அவனிடம் 'டூக்கி' கேசட் இருந்தது. 1994-ல் வந்த ஆல்பம். உலகம் முழுக்க ரெண்டு கோடிப் பிரதிக்கு மேல் விற்றது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஒரு வரி கூடப் புரியவில்லை. ஆனால் மெஸ்ஸுக்குப் போகும்போது வாய் தானாக முணுமுணுத்தது.

சரி, முதல் குற்றச்சாட்டு. மூணே மூணு கார்டு.

மச்சினா, முதலில் கணக்கு தப்பு. 'பாஸ்கெட் கேஸ்' என்று ஒரு பாட்டு, நீ வண்டியில் கேட்டதும் அதுதான். அதில் கார்டுகள் போகிற வரிசையை எடுத்துப் பார்த்தால், பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மானியர் யோஹான் பாகெல்பெல் எழுதின 'கேனன்' என்ற புகழ்பெற்ற உருப்படியின் வரிசைதான் கிட்டத்தட்ட அப்படியே வரும். மேல்நாட்டுக் கல்யாணங்களில் பெண் நடந்து வரும்போது வாசிப்பார்களே, அதுதான். அதே வரிசையை மூணு மடங்கு வேகத்தில் ஓட்டி, அதன்மேல் ஒரு பையனின் பயத்தைப் பாட வைத்தார்கள். பாட்டு ஆரம்பிக்கும்போது குரலும், உள்ளங்கையால் அமுக்கி வாசிக்கிற கிதாரும் மட்டும்தான். தாளம் கிடையாது. கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டுத்தான் டிரம்ஸ் உள்ளே வரும். மிருதங்கக்காரன் நீ, அந்தக் காத்திருப்பின் ருசி உனக்குத் தெரியாதா?

'ஜீசஸ் ஆஃப் சபர்பியா' என்று இன்னொன்று. ஒன்பது நிமிஷத்துக்கு மேல். ஐந்து பகுதி, ஒவ்வொன்றுக்கும் வேறு மெட்டு, வேறு வேகம். ராகமாலிகை என்றால் நீ அடிக்க வருவாய், ஆனால் யோசனை அதுதான்.

இருந்தாலும் இப்படிக் கணக்கு சொல்லி ஜெயிப்பதில் எனக்கு ஆசை இல்லை. மூணு கார்டு பாட்டும் அவர்களிடம் நிறையவே இருக்கிறது. நான் சொல்ல வருவது அந்த மூணு கார்டு என்ன செய்கிறது என்பதைத்தான்.

கிரீன் டே பெரும்பாலும் வாசிப்பது பவர் கார்டு என்று ஒன்று. சாதாரண கார்டில் மூன்று சுரம் இருக்கும். நம் பாஷையில் சொன்னால் ச, க, ப. நடுவில் இருக்கும் காந்தாரம்தான் அது சந்தோஷமா சோகமா என்று சொல்லும். அந்தரமா சாதாரணமா, அதாவது மேஜரா மைனரா. பவர் கார்டில் அந்தக் காந்தாரமே கிடையாது. வெறும் ச, ப. தம்புரா! சபாக்களில் முதுகுக்குப் பின்னால் ரெண்டு மணி நேரம் ஓடிக்கொண்டிருக்குமே, அதே ச-ப. கிதார் 'இது சோகம், இது சந்தோஷம்' என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லாது. பாடுகிறவன்தான் சொல்லியாக வேண்டும். பில்லி ஜோ மூக்கால் பாடுகிற அந்தக் குரலில் கோபமும் சிரிப்பும் அழுகையும் ஒரே வரியில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பின்னால் இருக்கும் வாத்தியம் எந்தப் பக்கமும் சாய்வதில்லை.

இன்னொரு விஷயம், பவர் கார்டுக்கு ரெண்டு மூணு தந்தி இருந்தால் போதும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது புத்தகம் இல்லை, கார் நிக்கோபார்.

நான் இங்கே வந்தது 2006-ல். சுனாமிக்குப் பிறகு நிரந்தரக் குடியிருப்புகள் கட்டுகிற வேலைக்கு சைட் இன்ஜினியர் தேவைப்பட்டார்கள். சென்னையிலிருந்து மூணு நாள் கப்பல். டிக்கெட்டிலேயே மட்டமானது பங்க் கிளாஸ். பங்க் கேட்டுக்கொண்டே பங்க் கிளாஸில் வந்த ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன் :-) பையில் ஸ்பென்சர் பிளாசாவில் வாங்கின 'அமெரிக்கன் இடியட்' சிடி. இங்கே நெட் அப்போது செயற்கைக்கோள் வழிதான். ஒரு பாட்டு இறங்க ராத்திரி முழுக்க ஆகும், பாதியில் அறுந்தும் போகும். சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்து சேர்ந்தது 2020 ஆகஸ்டில்தான். ஆக, கொண்டு வந்த சிடிதான் எனக்கு உலகம். அந்த ஒரு ஆல்பத்தை எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

2007-ல் வேலை என்னை கார் நிக்கோபாருக்கு அனுப்பியது. பழங்குடியினர் தீவு, பாஸ் இல்லாமல் கால் வைக்க முடியாது. மக்கள் இன்னும் தகரக் கொட்டகைகளில் இருந்தார்கள். எங்கள் சைட்டில் வேலை பார்த்த ஒரு நிக்கோபாரித் தம்பியிடம் ஒரு கிதார் இருந்தது. அங்கே சர்ச்சில் எல்லோரும் பாடுவார்கள், குரல் பிரித்து அழகாகப் பாடுவார்கள். இவன் கிதாரில் ஆறு தந்திக்கு நாலுதான் மிச்சம். புதுத் தந்தி வாங்க போர்ட் பிளேர் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். நாலு தந்தியில் சர்ச் பாட்டு சரியாக வரவில்லை என்று தூக்கி வைத்திருந்தான்.

என் சிடி பிளேயரைக் கேட்டான். ரெண்டு நாள் கழித்து அதே நாலு தந்தியில் கிரீன் டே வாசித்துக் காட்டினான். ச-ப, ச-ப என்று அந்தக் கைப்பிடியை அப்படியே மேலும் கீழும் நகர்த்தி. எனக்கு வாய் அடைத்துவிட்டது. பத்து வருஷம் கேட்ட எனக்குத் தெரியாதது அவனுக்கு ரெண்டே நாளில் தெரிந்துவிட்டது. இந்த இசை, குறை இருக்கிறவனையும் உள்ளே விடும். தந்தி அறுந்த கிதாரையும் உள்ளே விடும்.

இதை அவர்கள் மேடையிலேயே செய்து காட்டுவார்கள். பல வருஷமாக அவர்கள் கச்சேரிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆபரேஷன் ஐவி என்ற பழைய குழுவின் மூணு கார்டு பாட்டு ஒன்றை ஆரம்பித்து, கூட்டத்திலிருந்து மூன்று பேரை மேலே கூப்பிடுவார்கள். டிரம்ஸில் ஒருவர், பேஸில் ஒருவர், கிதாரில் ஒருவர். ஆயிரக்கணக்கான பேர் முன்னால் அந்தப் பிள்ளைகள் வாசிப்பார்கள். கிதார் வாசித்தவர் அந்தக் கிதாரை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போகலாம். பெரிய வித்வான் கச்சேரியில் நாம் வாய் பிளந்து உட்காருகிறோம், வீட்டுக்கு வந்து 'நமக்கெல்லாம் எங்கே' என்று வீணையைத் துணி போட்டு மூடுகிறோம். நான் அந்த மேதைமையைக் குறை சொல்லவில்லை. ஆனால் 'நீயும் வா' என்று சொல்கிற இசையும் உலகத்துக்கு வேண்டும். அப்படிச் சொல்ல வேண்டுமானால் அது எளிமையாகத்தான் இருந்தாக வேண்டும்.

ரெண்டாவது குற்றச்சாட்டு. விற்றுவிட்டார்கள்.

இதை மச்சினனுக்கு முன்பே பங்க்காரர்களே சொல்லிவிட்டார்கள். பெர்க்லியில் 924, கில்மன் தெரு என்ற முகவரியே பெயராக ஒரு சின்ன அரங்கம். தொண்டர்களே நடத்துவது, எந்த வயதுப் பிள்ளையும் உள்ளே போகலாம். கிரீன் டே வளர்ந்தது அங்கேதான். பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட குழுக்களுக்கு அங்கே மேடை கிடையாது என்பது விதி. 1993-ல் இவர்கள் பெரிய கம்பெனியில் கையெழுத்துப் போட்டார்கள். கதவு சாத்தப்பட்டது. துரோகி பட்டம். மறுபடி அந்த மேடையில் ஏறியது 2015-ல், ஒரு நிதி உதவிக் கச்சேரிக்காக. அதே வருஷம்தான் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமிலும் சேர்த்தார்கள். ஊர் உலகம் மாலை போட்டது ஒரு பக்கம், பிறந்த வீட்டுக்குள் விட இருபத்து சொச்சம் வருஷம் ஆனது இன்னொரு பக்கம்.

கில்மன்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் விதி அவர்களுக்கு நியாயம். ஆனால் பில்லி ஜோ ஆறு பிள்ளைகளில் கடைசி. அப்பா இல்லை. அம்மா ஓட்டலில் பரிமாறுகிற வேலை. குழுவின் முதல் கச்சேரியே 1987-ல் அம்மா வேலை பார்த்த அந்த ஓட்டலில்தான் நடந்தது. அப்படிப்பட்ட பையன் இருபத்தொரு வயதில் ஒரு ஒப்பந்தம் வந்தால் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வான்? ஊரில் வேலை இல்லாமல் கடல் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிற நானா அவனை விற்றவன் என்று சொல்வது?

நம் ஊர்க் கானாவை எடுத்துக்கொள்ளுங்கள். வடசென்னையில் சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடின பாட்டு. டேப்பும் வாயும் போதும். 'இதெல்லாம் ஒரு பாட்டா' என்றுதான் மரியாதைப்பட்டவர்கள் சொன்னார்கள். பிறகு தேவா அதை சினிமாவுக்குள் கொண்டு வந்தார். 2012-ல் 'அட்டகத்தி'யில் கானா பாலா பாடினதைக் கல்யாண வீட்டில் எல்லாம் போட்டார்கள். 2018-ல் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் அதே கானாவை ராக்கோடும் ராப்போடும் சேர்த்து சென்னையில் மேடை ஏற்றி, சாதியைப் பற்றி நேருக்கு நேராகப் பாடியது. சினிமாவுக்குப் போனதால் கானா செத்தா போனது? விற்றானா இல்லையா என்பதைவிட, போன இடத்தில் என்ன பாடினான் என்று பார்ப்பதுதான் சரி.

கிரீன் டே பெரிய கம்பெனிக்குப் போய் என்ன பாடினார்கள்? 'பாஸ்கெட் கேஸ்' பில்லி ஜோவுக்கு வந்த திடீர் பயத் தாக்குதல்களைப் பற்றியது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று ஒரு வாலிபன் ஊரறியச் சத்தமாகக் கேட்கிற பாட்டு. 1994-ல் அதை எத்தனை ஆண்பிள்ளைகள் வெளியே சொன்னார்கள்? ஹாஸ்டலில் நாங்கள் யாரும் சொன்னதில்லை. 2004-ல், இராக் போர் நடந்துகொண்டிருந்தபோது, டிவி செய்தியை நம்பித் தலையாட்டுகிற நாட்டைப் பார்த்து 'அமெரிக்கன் இடியட்' என்றார்கள். அதற்கு முன் பதிவு செய்து வைத்திருந்த ஒரு ஆல்பத்தின் டேப்புகள் திருடு போயின. அதையே திரும்ப வாசிப்பதற்குப் பதில் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அப்படி வந்தது இது. விற்றவன் செய்கிற வேலை மாதிரியா தெரிகிறது?

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன். 2012-ல் மூணு மாத இடைவெளிக்குள் மூணு ஆல்பம் போட்டார்கள். மூணையும் சேர்த்தால் ஒரு நல்ல ஆல்பம் தேறும். 2020-ல் வந்ததை நான் ரெண்டு தடவைக்கு மேல் கேட்கவில்லை. ரசிகன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாலாபிஷேகம் பண்ணுவதில்லையே.

மூணாவதுதான் என்னைச் சுட்டது. புதுக்கோட்டைக்காரருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

'வேக் மீ அப் வென் செப்டம்பர் எண்ட்ஸ்' என்ற பாட்டு 'அமெரிக்கன் இடியட்'டில் இருக்கிறது. பில்லி ஜோவின் அப்பா லாரி ஓட்டினவர், ஜாஸ் இசையும் வாசிப்பார். 1982 செப்டம்பரில் புற்றுநோயில் போய்விட்டார். பையனுக்கு வயது பத்து. அந்தச் சாவைப் பற்றிய பாட்டு வெளிவந்தது 2004-ல். இருபத்திரண்டு வருஷம் கழித்து. அத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்தவன் கடைசியில் எழுதினது ஒரு சின்னப் பையன் பேசுகிற மாதிரி சாதாரண வார்த்தைகள்தான். கிதார் ஒற்றைத் தந்தியாக மீட்டி ஆரம்பிக்கும். அடிசுரம் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும். ஓரிடத்தில் சி மேஜர் கார்டு சி மைனராக மாறும். ஒரே ஒரு சுரம் அரைப் படி இறங்குகிறது, அவ்வளவுதான். காந்தாரமே வேண்டாம் என்று ஓடினவர்கள் அந்த ஒரு இடத்தில் மட்டும் காந்தாரத்தைப் பொத்தி வைத்து இறக்குகிறார்கள்.

2011-ல் ஒரு ராத்திரி எட்டு மணிக்கு அக்காவிடமிருந்து போன். அப்பா போய்விட்டார். கடல் தாண்டி வேலை பார்க்கிற எல்லோரும் பயப்படுகிற போன். அப்போதெல்லாம் மதியத்துக்கு மேல் இங்கிருந்து விமானம் கிடையாது. விடிகிற வரை உட்கார்ந்திருந்தேன். காலை விமானங்களில் இடம் இல்லை. கெஞ்சிக் கூத்தாடி மதியம் ஒரு சீட் கிடைத்தது. சென்னையில் இறங்கி, பஸ் பிடித்து, வீட்டு வாசலுக்குப் போனபோது மறுநாள் விடிந்துகொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். "எவ்வளவு நேரந்தான்டா தம்பி வச்சிருக்க முடியும்" என்று அக்கா கேட்டாள். சித்தப்பா மகன் கொள்ளி வைத்திருந்தான். யார் மேலும் தப்பு இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன், பந்தல்காரனுக்குக் கணக்கு முடித்தேன், கருமாதி முடித்தேன், கிளம்பி வந்துவிட்டேன். அப்பத்தாக்கள் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தது எல்லாம் நான் வருவதற்கு முன்னால். நம் ஒப்பாரியில் செத்தவரை முன்னால் வைத்துக்கொண்டு நேராகப் பேசுவார்கள், கேட்பார்கள், சண்டை போடுவார்கள். அது சும்மா இல்லை. அழ முடியாதவனையும் அது இழுத்து அழ வைத்துவிடும். எனக்கு அது கிடைக்கவில்லை.

திரும்பி வந்து ரெண்டு வாரம் இருக்கும். கம்ப்யூட்டரில் ஏதோ வேலை, பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த சி மைனர் வந்தது. எத்தனையோ நூறு தடவை கேட்ட இடம். உடைந்துவிட்டேன். தங்கமணி எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

கார் நிக்கோபார் தம்பி அதே பாட்டைக் காட்டி "இது எதைப் பற்றி?" என்று இந்தியில் கேட்டிருந்தான். பத்து வயதில் அப்பா செத்ததைப் பற்றி என்றேன். தலையாட்டிக்கொண்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் இன்னும் மூணு பேரோடு அதைப் பாடினான். அவன் வீட்டில் சுனாமியில் யார் யார் போனார்கள் என்று நான் கேட்டதில்லை. அங்கே யாரும் யாரிடமும் அதைக் கேட்பதில்லை. 2007-ல் எனக்கு அது ஒரு நல்ல பாட்டு மட்டும்தான். அவன் எதைக் கேட்டான் என்று எனக்கு 2011-ல்தான் புரிந்தது.

ஆக, மச்சினா, சம்பந்தம் இதுதான். என் அப்பாவுக்கு நான் ஒப்பாரி கேட்டது கலிபோர்னியாக்காரன் குரலில். நம்முடையது எது என்று பிறந்த ஊரும் பாஷையும் மட்டும் தீர்மானிப்பதில்லை. வேண்டிய நேரத்தில் பக்கத்தில் இருந்தது எதுவோ அதுவும் நம்முடையதுதான். ஊரை விட்டு வெளியே இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2025 மார்ச்சில் கிரீன் டே முதல் தடவையாக இந்தியா வந்தார்கள். மும்பை மகாலட்சுமி ரேஸ் கோர்ஸில் லொல்லபலூசா விழா. இருபத்தேழு வருஷம் காத்திருந்தவன் போனேனா? இல்லை. மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. "நீங்க போய்ட்டு வாங்கப்பா" என்றாள். மனசு வரவில்லை. கச்சேரி நடந்த ராத்திரி அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பரீட்சை முடிந்ததும் அவள் கேட்டது போன் இல்லை, கிதார். அபர்டீன் பஜாரில் வாங்கினோம். இப்போது சாயங்காலம் ஆனால் வீட்டில் ஒரே ரகளை. அவள், ஒரு வங்காளிப் பெண், எதிர்வீட்டு ராஞ்சிக்காரப் பையன். அவனுக்கு டிரம்ஸ் கிடையாது, பெயிண்ட் வாளி. நாலு மாதத்தில் அந்தச் செப்டம்பர் பாட்டைப் பிடித்துவிட்டார்கள். சி மைனர் வருகிற இடத்தில் மட்டும் மகளுக்கு விரல் எட்டாமல் தடுக்கும். நின்று, திட்டிக்கொண்டு, மறுபடி ஆரம்பிப்பாள். தாத்தாவை அவளுக்கு போட்டோவில்தான் தெரியும். அந்தப் பாட்டுக்கும் தாத்தாவுக்கும் எனக்கும் இருக்கிற கணக்கை இன்னும் சொல்லவில்லை. மச்சினன் வண்டியில் 'காட்டுக் கத்தல்' என்றபோது அவள் ஏன் சிரிக்கவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை மூணு கார்டை வைத்துக்கொண்டு சுவர் அதிர வாசித்தால், இதெல்லாம் சங்கீதமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த மூணு கார்டு பின்னால் எதற்கு உதவும் என்று அதற்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கையில் இருக்கட்டும்.

மச்சினா, அடுத்த தடவை வரும்போது மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வா. பெயிண்ட் வாளி ஓட்டையாகிவிட்டது.

பி.கு.: வண்டியில் நீ பாதியில் நிறுத்தச் சொன்ன பாட்டை, ஏர்போர்ட் போகிற வழியில் நீயே முணுமுணுத்தாய். தங்கமணி சாட்சி.